பழைய பாட்டிலிருந்து குரலை எடுத்துக் கரோக்கே ட்ராக் செய்வது எப்படி

மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். மேடையில் அத்தை ஒரு பாட்டாவது பாட வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் பிடித்த பிடியில் அவரும் சரி என்றுவிட்டார், ஆனால் அவர் தேர்ந்தெடுத்தது அறுபதுகளில் வந்த ஒரு பாட்டு, எங்கே தேடியும் அதற்குக் கரோக்கே இல்லை. "குரலை மட்டும் எடுத்துட்டுக் குடுத்துரு தம்பி, கம்ப்யூட்டர்ல தட்டுனா வந்துரும்ல?" என்றார். வரும்தான். எனக்கு வந்து சேரப் பதினோரு நாளும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயும் ஆனது, அதில் ரூபாய் முழுக்க தண்டம். இப்போது அதே வேலையை ஒரு சாயங்காலத்தில் முடிக்கிறேன். நீங்கள் அந்தப் பதினோரு நாளைத் தாண்டிப் போக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் பற்றிப் பெரிதாக எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஃபைலைத் திறக்க, சேமிக்கத் தெரிந்தால் போதும். நல்ல காது வேண்டும், ஒரு சுமாரான ஹெட்ஃபோன் வேண்டும்.

1. முதலில் தேடுங்கள், ஆனால் ஒரு நாளுக்கு மேல் தேடாதீர்கள்

பாட்டின் முதல் வரியோடு "கரோக்கே", "மைனஸ் ஒன்" என்று இரண்டு விதமாகவும் தேடிப் பாருங்கள். கிடைத்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். பலது யாரோ கீபோர்டில் வாசித்துச் செய்தவை. பல்லவி எத்தனை முறை திரும்ப வருகிறது, இன்டர்லூட் (பாட்டின் நடுவில் வரும் வாத்திய இசை) எவ்வளவு நீளம், சுருதி என்ன என்ற மூன்றையும் அசல் பாட்டோடு ஒப்பிடுங்கள். முப்பது வருஷமாக ஒரு பாட்டைக் கேட்டுப் பழகியவருக்கு, பல்லவி இரண்டு முறை வர வேண்டிய இடத்தில் ஒரு முறை வந்தால் மேடையில் கால் இடறியது போல ஆகிவிடும். எனக்குக் கிடைத்த ஒன்றில் இரண்டாவது இன்டர்லூட்டையே காணோம்.

2. நல்ல பிரதி, பாதி வேலை இதுதான்

எந்த மென்பொருள் என்று எல்லோரும் கேட்கிறார்கள், எந்தப் பிரதி என்று யாரும் கேட்பதில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த பாட்டைப் போட்டால் எவ்வளவு நல்ல மென்பொருளும் கைவிரித்துவிடும். எம்பி3 ஆக்கும்போது ஃபைலைச் சின்னதாக்குவதற்காக மேல் ஸ்தாயி ஒலிகளை வெட்டிவிடுவார்கள். 128 கேபிபிஎஸ் (இந்த எண் கூடினால் தரம் கூடும்) எம்பி3-ல் சுமார் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, சுருக்கியதால் வந்த கரகரப்பு வேறு குரலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். குரலைப் பிரித்ததும் அந்தக் கரகரப்பு தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போல வெளியே வரும்.

ஆடியோ சிடி வீட்டில் எங்காவது கிடந்தால் அதுதான் முதல் தேர்வு. இல்லையென்றால் காசு கொடுத்து வாங்கிய, தரம் குறையாத ஃபிளாக் அல்லது 320 கேபிபிஎஸ் எம்பி3. சிடியிலிருந்து எடுக்கும்போது சுருக்காத வேவ் ஃபைலாக எடுங்கள், நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும், இடம் ஒரு பிரச்சினையே இல்லை. கையில் எம்பி3 மட்டும்தான் இருக்கிறது என்றால் அதை முதலில் ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்திருத்த மென்பொருளில் திறந்து வேவாகச் சேமித்துவிட்டு, அந்த வேவை வைத்தே எல்லா வேலையும் செய்யுங்கள். இதனால் ஒலியின் தரம் கூடிவிடாது. ஆனால் ஆறாவது படியில் இது உங்களைக் காப்பாற்றும்.

யாராவது ஃபைல் அனுப்புகிறார்கள் என்றால் வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது டிரைவில் போடச் சொல்லுங்கள்.

3. மோனோவா ஸ்டீரியோவா, இங்கேதான் என் காசு போனது

டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். மூன்று நாள் கழித்து ஒரு பென்டிரைவ் வந்தது. போட்டுக் கேட்டால் பாட்டு எங்கோ பக்கத்துத் தெருவில் ஓடுவது போல இருந்தது. குரலும் முழுசாகப் போகவில்லை, தபலாவும் பேஸும் காணாமல் போயிருந்தன.

என்ன செய்தார்கள் என்று அப்புறம்தான் புரிந்தது. இது ஒரு பழைய வித்தை. ஸ்டீரியோ பாட்டில் பாடகரின் குரல் வழக்கமாக நடுவில், அதாவது இடது வலது இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கும். ஒரு பக்கத்தைத் தலைகீழாக்கி இன்னொரு பக்கத்தோடு சேர்த்தால் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதெல்லாம் அடித்துக்கொண்டு மறைந்துவிடும். குரல் போகும். கூடவே நடுவில் வைத்திருக்கும் பேஸ், கிக் டிரம் எல்லாமும் போகும். குரலுக்குப் போட்ட எக்கோ மட்டும் பக்கவாட்டில் பரவியிருப்பதால் ஆவி மாதிரி மிஞ்சி நிற்கும்.

மோனோ பாட்டில் இந்த வித்தை பலிக்கவே பலிக்காது, இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் எல்லாமே மறைந்து வெறும் நிசப்தம்தான் மிஞ்சும். எழுபதுகளின் பிற்பகுதி வரை வந்த நம் படப் பாடல்களில் பெரும்பாலானவை மோனோ. "ஸ்டீரியோ" என்று அட்டையில் போட்டிருந்தாலும் நம்பாதீர்கள், பின்னாளில் எக்கோ சேர்த்துச் செயற்கையாக விரித்ததாக இருக்கலாம். என் பாட்டும் அந்த ரகம்தான், அதனால்தான் ஸ்டூடியோவில் அரைகுறையாக வந்தது.

சோதிப்பது சுலபம். ஆடாசிட்டியில் பாட்டைத் திறந்து, ஸ்டீரியோ ட்ராக்கை இரண்டு மோனோ ட்ராக்காகப் பிரித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து "இன்வெர்ட்" கொடுத்து ஓட விடுங்கள். சத்தமே இல்லையென்றால் மோனோ. இது எதற்கு என்றால், யாரிடமாவது வேலையைக் கொடுப்பதாக இருந்தால் "சார், இது மோனோ, எப்படிப் பிரிப்பீங்க?" என்று முதலிலேயே கேட்டுவிடலாம். நீங்களே செய்வதாக இருந்தால் கவலை வேண்டாம். இப்போது வரும் கருவிகள் குரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை நம்பியிருப்பவை அல்ல. மனிதக் குரல் எப்படி ஒலிக்கும் என்று ஏராளமான பாட்டுகளிலிருந்து பழகியவை. மோனோவிலும் வேலை செய்யும்.

4. எதில் பிரிப்பது, எவ்வளவு ஆகும்

இரண்டு வழி. ஒன்று இணையதளம் அல்லது மொபைல் ஆப்: லாலால், மோய்சஸ் மாதிரி. பாட்டை ஏற்றினால் சில நிமிடத்தில் பிரித்துத் தருவார்கள். இலவசத்தில் நிமிடக் கணக்குக்கோ பாட்டின் எண்ணிக்கைக்கோ வரம்பு இருக்கும், முழுசாக எடுக்கக் காசு கேட்பார்கள். ஒரே ஒரு பாட்டு, அவசரம் என்றால் இது போதும். மாதச் சந்தா கட்டினால் அன்றைக்கே தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவையுங்கள். மறந்துபோய் இரண்டு மாதம் கட்டியவர் என் அலுவலகத்திலேயே இருக்கிறார். தேடலில் முதலில் வரும் ஏதோ ஒரு தளத்தில் "டவுன்லோட்" என்று பச்சையாக நாலு பட்டன் மினுக்கினால் நாலையும் விட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இரண்டாவது, உங்கள் கம்ப்யூட்டரிலேயே செய்வது. அல்டிமேட் வோக்கல் ரிமூவர், சுருக்கமாக யுவிஆர். முழுக்க இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் உண்டு. இதை யாராவது காசுக்கு விற்றால் வாங்காதீர்கள், கிட்ஹப் என்ற தளத்தில் இருக்கும் அதன் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் ஒரே பாட்டை நாலைந்து விதமாகப் பிரித்துப் பார்க்க முடியும், ஒவ்வொரு தடவையும் மீட்டர் ஓடாது.

5. யுவிஆரில் செய்யும் முறை

இறக்க வேண்டிய ஃபைல் ஒரு ஜிபிக்கு மேல், அதனால் மொபைல் டேட்டாவில் ஆரம்பிக்காதீர்கள். விண்டோஸில் சி டிரைவிலேயே போடுங்கள், வேறு டிரைவில் போட்டால் தகராறு செய்யும் என்று யுவிஆரை உருவாக்கியவர்களே எச்சரிக்கிறார்கள். பாட்டு ஃபைலுக்குச் சின்னதாக, இடைவெளி இல்லாத ஆங்கிலப் பெயர் வைத்துவிடுங்கள்.

திறந்ததும் உள்ளே பாட்டு ஃபைலையும், பிரித்ததைப் போட வேண்டிய ஃபோல்டரையும் காட்டச் சொல்லும். வெளியீடு வேவ் என்று வையுங்கள். அப்புறம் எந்த முறை என்று கேட்கும். இங்கேதான் புதியவர்கள் திகைத்துப் போவார்கள், டஜன் கணக்கில் மாடல்கள், அதாவது குரலைப் பிரிக்கப் பழக்கப்பட்ட நிரல்கள், இருக்கும். நீங்கள் முதலில் இரண்டை மட்டும் முயலுங்கள்: எம்டிஎக்ஸ்-நெட் பிரிவில் "இன்ஸ்ட் ஹெச்க்யூ" என்று பெயரில் வரும் மாடல் ஒன்று, டெமக்ஸ் பிரிவில் நாலாம் பதிப்பு மாடல் ஒன்று. மாடலை உள்ளேயே இருக்கும் டவுன்லோட் பகுதியிலிருந்து தனியாக இறக்க வேண்டும்.

என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் ஜிபியு என்பதை டிக் செய்யுங்கள், குறைந்தது 1060 6 ஜிபி கார்டாவது வேண்டும் என்கிறார்கள். இல்லாவிட்டாலும் ஓடும், பொறுமை வேண்டும் அவ்வளவுதான். டெமக்ஸ் சாதாரண பிராசசரில் பாட்டின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு நேரம் எடுக்கும், நாலு நிமிடப் பாட்டுக்கு ஆறு நிமிடம். அதிலேயே "எஃப்டி" என்று முடியும் மாடல் நாலு மடங்கு அதிக நேரம் எடுக்கும், கிடைக்கும் முன்னேற்றம் கொஞ்சம்தான். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

முதல் தடவை முழுப் பாட்டையும் போடாதீர்கள். இன்டர்லூட் முடிந்து சரணம் தொடங்கும் இடமாகப் பார்த்து முப்பது விநாடி வெட்டி, அதை இரண்டு மாடலிலும் ஓட்டிக் கேளுங்கள். எது நன்றாக இருக்கிறதோ அதில் முழுப் பாட்டையும் ஓட்டுங்கள். நான் முதல் நாள் முழுப் பாட்டையே ஒன்பது மாடலில் ஓட்டி, விடிய விடிய உட்கார்ந்து, கடைசியில் எது எதிலிருந்து வந்தது என்றே தெரியாமல் குழம்பினேன்.

6. குரல் இல்லாத இடத்தில் கை வைக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அத்தையின் பாட்டில் இரண்டாவது இன்டர்லூட்டில் ஷெனாய் வரும். பிரித்துக் கேட்டபோது அந்த இடத்தில் வெறும் தபலா மட்டும் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தது. ஷெனாய் எங்கே என்று தேடினால், குரல் ஃபைலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஷெனாய், நாதஸ்வரம், புல்லாங்குழல், சில சமயம் வயலின்கூட, கமகத்தோடு நெளிந்து நெளிந்து வாசித்தால் பிரிக்கும் மென்பொருளுக்கு அது பாடுவது போலத்தான் படும். மாடலை மாற்றிப் பார்த்தேன், ஷெனாய் பாதி வந்தது, பாதி வரவில்லை. நாலு நாள் இதில் போனது.

அப்புறம்தான் உறைத்தது. அந்த இடத்தில்தான் யாரும் பாடவே இல்லையே, அங்கே எதற்குக் குரலை எடுக்க வேண்டும்? அசல் பாட்டையே வைத்துவிடலாமே! பாட்டில் ஆரம்ப இசை, இரண்டு இன்டர்லூட், முடிவு, இவ்வளவையும் கூட்டினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரும். அது அத்தனையும் அசலாகவே, ஒரு பழுதும் இல்லாமல் இருக்கும். பாடும் இடத்தில் மட்டும் பிரித்த ட்ராக்குக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

செய்முறை இது. ஆடாசிட்டியில் மேலே அசல் பாட்டு, கீழே குரல் நீக்கிய ட்ராக், இரண்டையும் பூஜ்யத்திலிருந்து ஒன்றாகத் தொடங்கும்படி வையுங்கள். இரண்டாம் படியில் வேவாக்கச் சொன்னது இதற்குத்தான். எம்பி3-ஐ ஒரு மென்பொருள் திறப்பதற்கும் இன்னொன்று திறப்பதற்கும் ஆரம்பத்தில் மில்லி விநாடிக் கணக்கில் வித்தியாசம் வரலாம், அது வந்தால் இரண்டும் சேரும் இடத்தில் குழாய்க்குள் கேட்பது போல ஒரு சத்தம் வரும். இப்போது மேலே உள்ளதில் பாடும் பகுதிகளைச் சத்தமில்லாமல் ஆக்குங்கள், கீழே உள்ளதில் பாடாத பகுதிகளை. வெட்டுகிற இடத்தில் 50 முதல் 100 மில்லி விநாடிக்கு ஒன்று மங்கி மற்றது எழும்படி விடுங்கள்.

எங்கே வெட்டுவது என்பதில்தான் சூட்சுமம். பாடகி முதல் சொல்லைப் பிடிப்பதற்கு முன்னால் மூச்சு எடுப்பார், அந்த மூச்சுக்கும் முன்னால் வெட்ட வேண்டும். நான் சொல்லுக்கு முன்னால் வெட்டினேன், ஒவ்வொரு சரணத்துக்கும் முன்னால் காலியான மேடையில் யாரோ மூச்சிழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. சரணம் முடியும் பக்கம் எக்கோ அடங்கும் வரை விட்டுவிட்டு வெட்டுங்கள். தாளத்தில் ஒரு தட்டு விழும் இடத்தோடு வெட்டை ஒட்ட வைத்தால் காதுக்கு ஒட்டே தெரியாது. பொறுமை இருந்தால் வரிக்கும் வரிக்கும் நடுவில் வரும் சின்னச் சின்னப் புல்லாங்குழல் பிட்டுகளையும் இப்படி அசலிலிருந்து ஒட்டலாம். நான் ஆறு இடத்தில் ஒட்டினேன், ஒன்றரை மணி நேரம் ஆனது.

மிச்சமிருக்கும் குரலின் நிழலைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஹெட்ஃபோனில் தனியாகக் கேட்டால் பூதாகாரமாகத் தெரியும். ஒருவர் மேலே பாடும்போது அதில் முக்கால்வாசி மூழ்கிப்போகும். ஒரு விஷயம்தான் மாட்டிக்கொடுக்கும்: "ஸ", "ச" போன்ற ஒலிகள் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும், பாடுபவர் கொஞ்சம் பின்தங்கினால் அந்த ஒலி இரண்டு முறை கேட்கும். அதனால் பாடுபவரை உட்கார வைத்துப் பாடச் சொல்லிக் கேட்ட பிறகுதான் எதைத் திருத்துவது என்று முடிவு செய்யுங்கள்.

7. கோரஸும் ஹம்மிங்கும்

சாதாரண மாடல் எல்லா மனிதக் குரலையும் எடுத்துவிடும். இன்டர்லூட்டில் வரும் கோரஸ் உங்களுக்கு வேண்டும் என்றால் மேலே சொன்னபடி அசலை ஒட்டினாலே வந்துவிடும். முன்னால் ஒருவர் பாட, பின்னால் கோரஸ் வருகிறது என்றால் யுவிஆரில் "கரோக்கே" என்று பெயரிலேயே இருக்கும் மாடல்கள் உண்டு, முக்கியக் குரலை மட்டும் எடுக்கப் பார்க்கும். டூயட்டில் ஒருவர் குரலை மட்டும் எடுக்க இதை நம்பாதீர்கள். மாறி மாறிப் பாடினால் கையாலேயே வெட்டி ஒட்டலாம், இருவரும் சேர்ந்து பாடும் இடத்தில் விட்டுவிடுங்கள்.

8. ஒரு வாத்தியத்தை மட்டும் எடுக்க வேண்டுமா

கிடாரோ டிரம்ஸோ பழகுபவர்கள் இதைக் கேட்கிறார்கள். டெமக்ஸ் பாட்டை நாலாகப் பிரிக்கும்: குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை. டிரம்ஸையும் பேஸ் கிடாரையும் எடுப்பதில் இது அசத்தும், தொண்ணூறுகளுக்குப் பிந்தைய பாட்டு என்றால் கேட்கவே வேண்டாம். ஆறாகப் பிரிக்கும் மாடலும் உண்டு, அதில் கிடார் சுமாராக வரும், பியானோ சரியாக வராது என்று அதை உருவாக்கியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம் வாத்தியங்கள் என்றால் ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். டெமக்ஸ் போன்ற மென்பொருள்களைப் பழக்கப் பரவலாகப் பயன்படுத்தும் பாட்டுத் தொகுப்பு ஒன்றில் மொத்தமே 150 பாட்டுகள்தான், பெரும்பாலும் மேற்கத்திய பாப், ராக். அதில் மிருதங்கத்துக்கு எங்கே போக? இடது பக்கமான தொப்பியின் கும்கி (கும்மென்ற ஒலி) பேஸுக்குப் போகும், வலது பக்கமான வலந்தலை கொஞ்சம் டிரம்ஸுக்கும் கொஞ்சம் மற்றவைக்குமாகச் சிதறும். தபலாவின் இடது கைக்கும் இதே கதிதான். கச்சேரிப் பதிவில் பாட்டை நிழலாகத் தொடரும் வயலினை மட்டும் எடுத்துத் தரச் சொல்லி ஒரு மாணவர் கேட்டார், இரண்டு நாள் முயன்று முடியாது என்று சொல்லிவிட்டேன்.

9. சுருதியை இறக்குவது

அந்தக் காலத்துப் பாடகியின் சுருதி எல்லோருக்கும் எட்டாது. அத்தைக்கு மூன்று செமிடோன், அதாவது கீபோர்டில் அடுத்தடுத்த மூன்று விசை, இறக்க வேண்டியிருந்தது. ஆடாசிட்டியில் "சேஞ்ச் பிட்ச்" போதும், உயர் தரம் என்ற பெட்டியை டிக் செய்ய மறக்காதீர்கள். மூன்று வரை காதுக்கு உறுத்தாது, நாலைத் தாண்டினால் வயலின்கள் அழத் தொடங்கும்.

டிரம்ஸைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் இறக்கச் சொல்லி நிறையப் பேர் சொல்வார்கள், டிரம்ஸின் அடி மழுங்காமல் இருக்கும் என்று. டிரம் செட்டுக்கு அது சரி. தபலாவும் மிருதங்கமும் பாட்டின் சுருதியிலேயே சேர்க்கப்பட்டவை, அவற்றை மட்டும் பழைய சுருதியில் விட்டால் அபஸ்வரமாக இருக்கும். சேர்த்தே இறக்குங்கள்.

கூட ஆர்மோனியமோ கீபோர்டோ வாசிக்கப் போகிறார்கள் என்றால் இன்னொன்று: டேப், ரெக்கார்டு ஓடிய வேகத்தால் பழைய பதிவுகள் இரண்டு கட்டைக்கும் நடுவில் எங்காவது நிற்கும். கீபோர்டில் ஒரு சுரத்தை அழுத்திப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

10. மண்டபத்துக்குக் கொண்டுபோவது

எடுத்த எடுப்பில் குரலில் தொடங்கும் பாட்டென்றால் குரலை நீக்கியதும் எங்கே பிடிப்பது என்று தெரியாது. முன்னால் சுருதியை நாலு விநாடி ஒலிக்கவிட்டு, தாள அளவில் நாலு தட்டு சேர்த்துவிடுங்கள்.

மேடை மைக் செட்காரர்களின் யுஎஸ்பி பிளேயர்கள் பல வேவ், ஃபிளாக் எடுக்காது. 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கி, இரண்டு பென்டிரைவில், வேறு எந்தப் பாட்டும் இல்லாமல், "01" என்று பெயர் வைத்துக் கொண்டுபோங்கள். மொபைலிலும் ஒரு பிரதி, அதை ஏரோபிளேன் மோடில் வையுங்கள், பாட்டு நடுவில் பெரியப்பாவிடமிருந்து கால் வரும்.

நேரக் கணக்கு: நல்ல பிரதி தேட ஒன்றிரண்டு நாள், பிரிக்கவும் ஒட்டவும் ஒரு சாயங்காலம், பாடுபவர் வீட்டில் பழக ஒரு வாரம். இந்த ஒரு வாரத்தைக் குறைக்காதீர்கள், சுருதி ஒத்துவரவில்லை என்று மூன்றாம் நாள்தான் சொல்வார்கள்.

11. வெளியில் போடும் முன்

வீட்டில் பாடிப் பழகுவதற்கு யாரும் கேட்கப் போவதில்லை. கல்யாணத்தையொட்டிய விசேஷங்களில் பாட்டு ஒலிபரப்புவதற்கு 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52-வது பிரிவில் விலக்கு இருக்கிறது. டிக்கெட் போட்டு நடத்தும் நிகழ்ச்சிக்கு அது பொருந்தாது, அங்கே உரிமை வாங்க வேண்டும். பாட்டு வந்து 60 வருஷம் ஆகிவிட்டதே என்று சிலர் வாதாடுவார்கள். அந்தக் கணக்கு ஒலிப்பதிவுக்கு மட்டும்தான். பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் உரிமை அவர்கள் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் இருக்கும்.

யூடியூபில் ஏற்றினால் குரல் இல்லாவிட்டாலும் அசல் இசை இருப்பதால் தானியங்கிச் சோதனையில் பிடிபட நிறைய வாய்ப்பு உண்டு. விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், அல்லது வீடியோவே சில நாடுகளில் தெரியாமல் போகலாம். அத்தை பாடிய வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும்தான் இருக்கிறது. அதில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் இன்னும் ஒரு மூச்சுச் சத்தம் கேட்கும். அதை வெட்ட விட்டுப்போச்சு, ஆனால் எல்லோரும் அது அத்தையுடையது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.